பிடிக்காத பிரேக்

...கேட்டுதுங்களா? இங்க வரைக்கும் கேக்குது பாருங்க! ஆஸ்பத்திரியாச்சேன்னு ஒரு இது வேண்டாம்? என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை எலும்பு ரெண்டாப் போயிருக்கு, தகடு வெச்சு முடுக்கியிருக்காங்க, ஆனா தொண்டைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. நர்ஸம்மா வந்து, "இப்படிச் சத்தம் போட்டா ஒருத்தர் வெளிய போகணும்"னாங்க. சத்தம் போடறது அவரும் என் தம்பியும். வெளிய வந்தது யாரு? நான்! இதாங்க என் தலையெழுத்து.

கொஞ்சம் நகந்துக்கறீங்களா அக்கா? இந்த நாற்காலிக்கு ஒரு காலு குட்டை, ஆடுது. ம்... இப்ப சரி.

என்ன சண்டைன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலதான். ஆனா மூஞ்சி கேக்குது. பிரேக்குங்க! சைக்கிள் பிரேக்கு! மத்த வீட்டுல வீடு வாசலுக்கு அடிச்சுக்குவாங்க, நெலத்துக்கு அடிச்சுக்குவாங்க. எங்க வீட்டுல ரெண்டு இரும்புத் தகட்டுக்கு அடிச்சுக்கறாங்க. பிரேக் பிடிக்கலன்னு அவரு கத்தறாரு. எனக்கு அந்த பிரேக்கையே பிடிக்கல, அதைக் கேக்க நாதி இல்ல.

எங்க வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ஓட்டற உத்தியோகம். பழைய காலத்துக் கட்டடம், பெரிய ஆபீஸ். பித்தளைக் கைப்பிடி வெச்ச லிஃப்டு, பொத்தான் கித்தான் எல்லாம் கெடையாது. கைப்பிடியத் திருப்பி ஆளுதான் பாத்து நிறுத்தணும். இவரு நிறுத்தினா லிஃப்டும் தரையும் ஒரே மட்டமா நிக்கும், ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் எறங்காது. "உங்க கை மாதிரி வராதுங்க"ன்னு அதிகாரிங்க எல்லாம் சொல்லிச் சொல்லி ஏத்தி விட்டுட்டாங்க. லிஃப்ட்ல நிக்கறவரையே ஏத்தி விட்டாங்கன்னா பாத்துக்குங்க! அன்னிலேருந்து உலகத்துல எதை நிறுத்தறதுன்னாலும் தன்னைக் கேட்டுத்தான் நிறுத்தணும்னு ஒரு நெனப்பு. என் பேச்சை மட்டுந்தான் நிறுத்த முடியலன்னு அவருக்குக் குறை. நான் எங்கக்கா பேசறேன்? நீங்களே சொல்லுங்க...

சரி விடுங்க.

கல்யாணம் ஆன புதுசுல என்னை முதல்முதலா வெளிய கூட்டிட்டுப் போனாரு. எங்கன்னு நெனைக்கறீங்க? சாக்கடைக்கு! அப்போ அவர்கிட்ட இருந்தது கம்பி பிரேக் வெச்ச சைக்கிள். கையால ஒரு கம்பியப் பிடிச்சா அது இன்னொரு கம்பிய இழுக்கும், அது அடுத்த கம்பிய இழுக்கும், கடைசியா சக்கர வளையத்துக்கு உள்பக்கமா ரெண்டு ரப்பர் கட்டை போய் ஒட்டும். கூட்டுக் குடும்பம் மாதிரிங்க. ஒருத்தர் சொல்லி, அவரு இன்னொருத்தருக்குச் சொல்லி, அந்தாளு யோசிச்சு... காரியம் ஆகறதுக்குள்ள விடிஞ்சுடும். வெயில்ல ஏதோ பிடிக்கும். அன்னிக்குப் பாத்து மழை. வளையம் நனைஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. இவரு பிடிக்கறாரு, பிடிக்கறாரு... பின்னாடி கேரியர்ல நான், மடியில புதுச் செருப்புப் பெட்டி. தெரு திரும்புது, நாங்க திரும்பல. நேரா எறங்கிட்டோம். எந்திரிச்சு முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? "உனக்கு அடி பட்டுச்சா"ன்னா? இல்ல! "பாத்தியா, ஈரத்துல ரப்பருக்குப் பிடிமானமே இல்ல"ன்னாரு. அப்பவே எங்கப்பா வீட்டுக்குப் போயிருக்கணும். செருப்பு நனைஞ்சு போச்சேன்னு அழுதுட்டே கூட வந்துட்டேன்.

அன்னிக்குப் பிடிச்சதுதாங்க இந்தக் கிறுக்கு. நல்லா நிக்கற பிரேக் எதுன்னு கண்டுபிடிக்காம நான் ஓய மாட்டேன்னு. ஊருல இருக்கற சைக்கிள் புத்தகத்தை எல்லாம் தேடிப் படிப்பாரு. படிச்சதை யார்கிட்டச் சொல்லுவாரு? சாப்பாட்டு மேசையில நான்தானே ஓட முடியாம உக்காந்திருக்கேன்.

முதமுதல்ல வந்த சைக்கிளுக்கு பெடலே கெடையாதாம் அக்கா. ரெண்டு சக்கரம், நடுவுல ஒரு கட்டை, அதுல உக்காந்து காலால தரையை உந்தி உந்திப் போவாங்களாம். நிறுத்தணும்னா? அதே காலாலதான், தரையில தேச்சு. இதுக்கு நடந்தே போயிருக்கலாமேன்னேன். மூணு வேளை பேசல. நிம்மதியா இருந்துச்சு.

அப்பறம் ஒண்ணு வந்துச்சாம், முன் சக்கரம் ஆளு ஒசரம், பின் சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதுக்கு பிரேக்கு ஒரு கரண்டி! நெசமாத்தான். கரண்டி மாதிரி ஒரு இரும்பு, நேரா டயர் மேலயே போய் அமுக்கும். வாயால சொன்னாப் போதாதுன்னு என் கையில இருந்த கரண்டியப் பிடுங்கி தட்டு மேல அமுக்கிக் காட்டினாரு. அதுல இருந்த கொழம்பு பூரா மேசை விரிப்புல. பலமா அமுக்கினா சக்கரம் நின்னுடுமாம், உக்காந்திருக்கறவன் நிக்க மாட்டானாம், குட்டிக்கரணம் அடிச்சு முன்னாடி போய் விழுவானாம். பின்னால காத்தடைச்ச டயர் வந்தப்ப, கரண்டி தேச்சுத் தேச்சு ரப்பர் தேயுதுன்னு டயரை விட்டுட்டு வளையத்தைப் பிடிச்சாங்களாம். மனுஷ புத்தியப் பாத்தீங்களா... ஒண்ணைத் தேச்சு ஓய்ச்சப்பறந்தான் அடுத்ததுக்குப் போவான்.

இதெல்லாம் எனக்கெதுக்குங்க? ஆனா மனப்பாடம்! அரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பொண்ணு பொறந்த தேதி கேட்டா அவரு மென்னு முழுங்குவாரு.

கம்பியை விட்டு வயருக்கு வந்தாரு. நண்டுக் கொடுக்கு மாதிரி ரெண்டு பக்கமும் வந்து வளையத்தைக் கிள்ளும். கூட்டுக் குடும்பம் கலைஞ்சு தனிக்குடித்தனம் வந்த மாதிரி, சொன்ன ஒடனே நடக்கும். நல்லாத்தான் இருந்துச்சு, வயரு அறுந்து போற வரைக்கும். ஆபீஸ் வாசல்ல அறுந்துச்சு. எந்த அதிகாரி "உங்க கை மாதிரி வராது"ன்னாரோ அவரு மேலேயே போய் மோதினாரு. நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்பறம் ஒரு மாசம் மாடிப்படியில ஏறித்தான் போனாராம்.

அப்பறம் பின்னால மிதிச்சா நிக்கற பிரேக்கு. வயரே வேண்டாம், அறுந்தாத்தானேன்னு. முன்னால மிதிச்சாப் போகும், பின்னால மிதிச்சா நிக்கும். எங்க பொண்ணு அதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டா. சும்மா இருக்கறப்ப பெடலை பின்னால சுத்தற வழக்கம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் உண்டில்ல... சுத்துவா, பொசுக்குன்னு நிக்கும், பொத்துனு விழுவா. சரி, அதாவது பரவால்ல. ஒரு நாளு இவருக்கு செயின் கழண்டுடுச்சு. செயின் போனா பிரேக்கும் போச்சு, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. செருப்புக் காலால தரையில தேச்சுக்கிட்டே வந்து சேந்தாரு. "ஆதி காலத்துக்கே போயிட்டீங்களா"ன்னேன். செருப்புல அடிப்பாகமே இல்ல, மேல பட்டை மட்டும் இருக்கு! சாமான் மூட்டை மாதிரி வந்து உக்காந்தாரு பாவம்.

இதுக்கெல்லாம் தோது யாருன்னு நெனைக்கறீங்க? என் தம்பிதான்! சைக்கிள் கடை வெச்சிருக்கான், எங்க தெரு சரிவு முடியற எடத்துல. மாமா கேக்கறாருன்னா அவனுக்கு வேற வேலையே ஓடாது. கடையில ஆளுங்க காத்துக்கிட்டு நிப்பாங்க, இவங்க ரெண்டு பேரும் ஒரு சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டு, அது எப்ப நிக்கும்னு குத்தவெச்சுப் பாத்துக்கிட்டிருப்பாங்க. எங்கம்மா போனப்ப அவனுக்குப் பாலுப்பல்லு விழற வயசு அக்கா. குளிப்பாட்டி, சோறூட்டி, சட்டைக்குப் பித்தான் வெச்சு நான் வளத்த பிள்ளை. நான் கட்டிக்கிட்டு வந்தப்ப கூடவே வந்துட்டான். "பையன் நம்மகூடவே இருக்கட்டும்"னு சொன்னது இந்த மனுஷன்தான். அதையும் சொல்லணுமில்ல. என்னதான் திட்டினாலும்... அதைச் சொல்லாம இருந்தா வாய் அழுகிடும்.

எதுல விட்டேன்? ஆங். ரெண்டு நீளக் கை வெச்ச பிரேக்கு ஒண்ணு. இங்கிலீஷ் 'வி' எழுத்து மாதிரி இருக்கும், மேல அகலம், கீழ குறுகல். பூனைக்குட்டியத் தொடற மாதிரி தொட்டாலே போதும், கப்புனு பிடிக்கும். தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னான், "மாமா, ரெண்டு விரல் போதும், முன் பிரேக்கைக் கெட்டியாப் பிடிக்காதீங்க"ன்னு. இவரு பழைய கம்பி பிரேக்குக்குப் பழகின கையி. அஞ்சு விரலும் சேத்து ஒரு பிடி! சைக்கிள் அங்கயே நின்னுச்சு. இவரு எதுத்த வீட்டு வேலிச்செடிக்குள்ள தலைகீழா நின்னாரு. ரெண்டு காலு மட்டும் வெளிய. எதுத்த வீட்டம்மா செடிக்குத் தண்ணி ஊத்த வந்தவங்க, அலறிட்டாங்க.

போதுமா? போதாது! டிஸ்க்கு வேணுமாம். சக்கரத்துக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா ஒரு மெல்லிசுத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் கட்டை வெச்சுக் கவ்விப் பிடிக்கறது. மழை ஆகாது, சேறு ஆகாதுங்கற பேச்சே கெடையாதாம். வயரு கூட இல்லையாம். குழாய்க்குள்ள எண்ணெய் இருக்காம். இங்க அமுக்கினா அங்க தள்ளுமாம். அதை மாட்டின அன்னிக்கு வீட்டுல ஒரே ஆர்ப்பாட்டம். மாமனும் மச்சானும் சைக்கிளை நடு ஹாலுக்கே கொண்டாந்து நிறுத்திட்டாங்க. நான் சுத்தி வந்து அடுப்படிக்குப் போகணும். "இதைத் தொடாதே, அதைத் தொடாதே, விரல் படக் கூடாது, எண்ணெய்..."ன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. அடுப்புல பால் பொங்கிடுச்சு, நான் போயிட்டேன். எண்ணெய்ன்னு சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு.

ஆனா அக்கா, ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க! பிரேக் பிடிச்சா கீ...ச்சுன்னு தெரு முழுக்கக் கேக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. இவரு தெருமுனையில திரும்பறப்பவே எனக்கு வீட்டுல கேட்டுடும், சாப்பாட்டை எடுத்து வெச்சுடுவேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்ட அடங்கிடும்"னான் தம்பி. எப்ப அடங்கறது? எங்க மாடி வீட்டுல பச்சக் கொழந்தை. இப்பத்தான் பொறந்து தலை நிக்க ஆரம்பிச்சிருக்கு. அதைப் பெத்த பொண்ணு கண்ணெல்லாம் உள்ள போயி, தலையக்கூட வாராம எறங்கி வந்து நிக்கறா. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, இப்பத்தான் தூங்க வெச்சேன், அண்ணன் பிரேக் போட்டாரு, வீல்னு எந்திரிச்சுடுச்சு"ங்கறா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. இவர்கிட்டச் சொன்னா, "சத்தம் வருதுன்னா பிடிக்குதுன்னு அர்த்தம்"ங்கறாரு! அப்ப நான் போடற சத்தத்துக்கு இந்த வீட்டுல ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குதே, அதுக்கென்ன அர்த்தம்?

அப்பறம் பாத்தா, அடிபட்ட அன்னிக்குக் காலையில... சத்தமே இல்ல! வாசல்ல ஏறி ரெண்டு மிதி மிதிச்சாரு, உருண்டுக்கிட்டே சும்மா லேசா ஒரு தடவ பிரேக்கைத் தொட்டுப் பாத்தாரு, கப்சிப். ஒரே சந்தோஷம். "பாத்தியா, உன் தம்பி சொன்ன மாதிரியே அடங்கிடுச்சு. நேராப் போயி அவன்கிட்டச் சொல்லிட்டு வரேன்"னு கெளம்பினாரு. எங்க வீட்டுலேருந்து தெருமுனை வரைக்கும் சமதளம், அங்க ஒண்ணும் தெரியாது. வேற வழியில்லாமத்தான் பிரேக்கைத் தொடணும், சும்மா சும்மா தொடறவனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு இவருக்கு ஒரு கொள்கை வேற. அப்பறம் சரிவு. கீழ தம்பி கடை. இவரு மேலேருந்தே கைய ஆட்டிக்கிட்டு வந்தாராம். தம்பியும் பதிலுக்குக் கைய ஆட்டினானாம். கிட்ட வந்தாரு... வந்தாரு... வந்துக்கிட்டே இருந்தாரு. கடை வாசல்ல புதுச் சைக்கிளா வரிசையா நிறுத்தியிருந்தான். ஒண்ணு சாஞ்சு இன்னொண்ணு மேல, அது அடுத்தது மேல... எல்லாம் படுத்துடுச்சு. கடைசி சைக்கிளுக்கு மேல இவரு.

நான் ஓடிப் போய்ப் பாக்கறப்ப, ஒரு கையில தோளைப் பிடிச்சுக்கிட்டு வலியில மூஞ்சி வெளிறிக் கெடக்கறாரு. தம்பி தலையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு அழறான். நீங்களும் இப்படிப் பாத்திருப்பீங்க, இந்த எடத்துக்கு வந்தவங்களுக்குச் சொல்லணுமா?

உயிருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொன்னாரோ இல்லியோ, ஆரம்பிச்சுட்டாங்க. "நீ ஒழுங்கா மாட்டல"ங்கறாரு இவரு. "நீங்க நோண்டியிருப்பீங்க மாமா"ங்கறான் அவன். "நான் தொடவே இல்ல"ங்கறாரு. "நான் மாட்டினது நூத்துக்கு நூறு சரி"ங்கறான். வார்த்தை முத்திப் போச்சு. "என்னைக் கொல்லப் பாத்தியா"ன்னுட்டாரு மனுஷன். கோவத்துல சொன்னதுதான், ஆனா சொல்லலாமாக்கா? அவன் மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. "இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு என்கிட்டச் சொல்றான். என்கிட்ட! இப்ப தனி வீடுன்னாலும், தினம் கடையப் பூட்டிட்டு வந்து, என் கையால ஒரு வாய் சாப்பிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போவான். இப்ப ரெண்டு நாளா, நான் கொண்டு போய்க் குடுத்தாலும் பசிக்கலங்கறான். இன்னிக்கு நாந்தான் கையக் கால பிடிச்சு, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போடான்னு கூட்டியாந்தேன். வந்த ஒடனே மறுபடியும்... நீங்களே கேட்டீங்களே.

ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லீங்க. எனக்குத் தெரியும். அவனும் சரியாத்தான் மாட்டினான், இவரும் தொடல. எப்படித் தெரியும்னா... சைக்கிள் நடு ஹால்ல என் கண்ணு முன்னாலதானே இருக்கு? நான்தானே தெனம் தொடைக்கறேன்? முந்தின நாளு சாயங்காலம்கூட நான்தானே எண்ணெய் போட்டேன்?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

எண்ணெய்தாங்க. தையல் மெஷினுக்குப் போடற எண்ணெய், நல்ல எண்ணெய், கறை பிடிக்காது. அந்தக் கொழந்தை தூங்கட்டுமேன்னுதான். கதவு கீச்சுன்னா கீலுக்கு எண்ணெய் விடறோமில்ல? மெஷின் கடகடன்னா விடறோமில்ல? அந்தத் தட்டுல நைசா ரெண்டு பக்கமும் தடவி விட்டேன். முன் சக்கரத்துக்கு மட்டும் போட்டு பின் சக்கரத்தை விட்டா ஓரவஞ்சனை ஆயிடுமேன்னு, அதுக்கும்...

என்ன தலையில கைய வெச்சுக்கிட்டீங்க? போடக் கூடாதா? அந்தப் பிரேக்குக்கு உள்ளயே எண்ணெய்தானே ஓடுது? உள்ள ஓடறது வெளிய கொஞ்சம் பட்டா என்ன...

...வழுக்கும்ங்கறீங்களா?

ஈரத்துல வழுக்குச்சே. அன்னிக்கு மழையில. தண்ணிக்கே வழுக்குச்சுன்னா... ஐயையோ.

ஐயையோ அக்கா. அப்ப சத்தம் போனது... அடங்கினது இல்லியா? ரெண்டு சக்கரமுமா! ஒண்ணையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா பாவி! எண்ணெய்ன்னு ஏதோ சொன்னாரே, போடாதேன்னுதான் சொல்லியிருப்பாரோ? தொண்டை கிழியக் கதை சொல்லுவாரு, கரண்டியக் காட்டுவாரு, இந்த ஒண்ணைப் பால் பொங்கறப்பவா சொல்லணும்? கொஞ்சம் உரக்கச் சொன்னா என்ன? பின்ன யாரு மேல தப்பு? சொல்லுங்க.

...என் தம்பிய வாசப்படி மிதிக்கவிடாமப் பண்ணினது நானாக்கா?

இல்ல, சொல்லிடறேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன். அடிச்சா அடிக்கட்டும், ஒரு கைதானே இருக்கு. இருங்க... சத்தத்தையே காணோமே? ரெண்டு பேரும் உள்ளதானே இருக்காங்க? ஒரு நிமிஷம், எட்டிப் பாத்துட்டு வரேன்.

...

அக்கா! கேளுங்களேன் இந்தக் கூத்தை! தம்பி அவருக்கு சூப்பு ஊட்டி விடறான்! ஒரு கரண்டி வாயில, நடுநடுவுல பேச்சு. "மாமா, நீங்களும் தொடல, நானும் சரியாத்தான் மாட்டினேன், அப்ப சாமானே மட்டம்"ங்கறான். "அதான் மாப்ள, செஞ்சவன்தான் திருட்டுப் பய"ங்கறாரு. செஞ்சவன் எங்கயோ கண்காணாத எடத்துல இருக்கான், அவனை இங்க ரெண்டு பேரும் சேந்து கிழிச்சுத் தொங்க விடறாங்க. பக்கத்துக் கட்டில்காரர் ஒருத்தரு, காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்கு, அவரும் சேந்துக்கிட்டு, "சும்மா விடாதீங்க, கேஸ் போடுங்க"ங்கறாரு. இவரு சிரிக்கறாரு அக்கா. தம்பியும் சிரிக்கறான்.

இப்பப் போயி நான் சொல்லணுமா?

யோசிச்சுப் பாருங்க. ஒட்டினதைப் பிரிக்கறது பாவமில்லியா? அந்தப் பிரேக்குக்காரன் யாரோ எவனோ, நாலு திட்டு வாங்கினா அவனுக்கென்ன காதுலயா விழப் போவுது? அவன் மேலயே இருக்கட்டுமே. வீட்டுக்குப் போன ஒடனே அந்தத் தட்டை நல்லா சோப்பு போட்டுக் கழுவிடறேன். கொழந்தை கத்தினா கத்திட்டுப் போவட்டும்... இல்ல, பாவம், நான் மேல போய்த் தூக்கி வெச்சுக்கறேன். உங்ககிட்ட ஏதோ கூடப் பொறந்தவ மாதிரி நெனைச்சுக் கொட்டிட்டேன். நீங்க இதை யார்கிட்டயும்...

எந்திரிச்சுட்டீங்க? நேரமாச்சா? நான் பாருங்க, இவ்வளவு நேரம் பேசி, நீங்க யாரைப் பாக்க வந்தீங்கன்னுகூடக் கேக்கல. வீட்டுக்காரரையா? எந்த வார்டு?

இதே வார்டா!

...காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்கா?

அக்கா. அக்கா, ஒரு நிமிஷம். நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட எதையும் மறைக்க மாட்டீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நல்ல குணந்தான், ஆனா அவருதான் கேஸ் போடச் சொல்றவரு... அட, கொஞ்சம் மெதுவாப் போங்கக்கா! இருங்க, இருங்க, வழி விடுங்க, நான் முதல்ல போயிடறேன். நீங்க சொல்லி அவரு கேட்டு, அவரு சொல்லி இவரு கேட்டா ஒண்ணு பத்தாயிடும். நானே சொல்லிடறேன்.

என்னங்க... சிரிங்க, சிரிங்க, நல்லாச் சிரிங்க. தம்பி, நீயும் கேளுடா. மாடி வீட்டுல கொழந்தை இருக்கில்ல, அது ராத்திரி பகல் தூங்காம... இல்ல, அது அப்பறம் சொல்றேன். மொதல்ல அந்த சூப்புக் கிண்ணத்தைக் கீழ வை.